பி.டி. ஷூவுக்கு ஒரு வக்காலத்து

காலையில ஆறு மணிக்கு புதுச்சேரி பீச் ரோட்டுக்கு வர்றவங்க கடலைப் பாருங்க, வேணாங்கல. அப்படியே ஒரு நிமிஷம் குனிஞ்சு, ஓடுறவங்க காலையும் பாருங்க. ஒவ்வொரு காலுக்கும் அடியில ஒரு இலவம்பஞ்சு மெத்தை. பச்சை, ஆரஞ்சு, ரோஸ்னு கண்ணைப் பறிக்கிற கலர்ல, மூணு நாலு சென்டிமீட்டர் உசரத்துக்கு நுரை. தலைமைச் செயலகத்துலேர்ந்து காந்தி சிலை வரைக்கும் பொடிநடையா போய் வர்றதுக்கு 15,000 ரூபாய் ஷூ. அதைப் போட்டுக்கிட்டு, "முட்டி வலிக்குதுப்பா"ன்னு நடுவுல உட்கார்ந்து புலம்பல் வேற.

இந்த மெத்தை வியாபாரத்தை எதிர்த்துதான் இன்னிக்கு வக்காலத்து போட்டு வந்திருக்கேன். என் கட்சிக்காரர் நீங்களும் நானும் ஸ்கூல்ல போட்ட வெள்ளைக் கேன்வாஸ் பி.டி. ஷூ. திங்கக்கிழமை அசெம்ப்ளிக்கு முன்னாடி சாக்பீஸைத் தேய்ச்சு வெள்ளையாக்கி பி.டி. வாத்தியார்கிட்ட தப்பிச்சோமே, அதேதான். தட்டையான, மெல்லிசான ரப்பர் அடி, மேல துணி, கட்டுறதுக்கு ஒரு கயிறு. அவ்வளவுதான் அதோட மொத்த டெக்னாலஜி. 1930களிலேயே பாட்டா கம்பெனி இந்தியப் பள்ளிப் பிள்ளைங்களோட விளையாட்டு வகுப்புக்குன்னு 'டென்னிஸ்' ங்கற பேர்ல இந்த மாதிரி ஷூவைக் கொண்டு வந்துடுச்சு. இதே தத்துவத்தை, அதாவது குதிகாலும் விரலும் ஒரே மட்டம், மெல்லிசு அடி, வளையுற உடம்பு, இன்னிக்கு 'மினிமலிஸ்ட் ஷூ'ன்னு பேர் மாத்தி பத்தாயிரம் ரூபாய்க்கு மேல விக்கிறாங்க. காந்தி வீதி ஞாயித்துக்கிழமை சந்தையில போய்ப் பாருங்க, அந்த விலையில ஒரு வகுப்புக்கே ஷூ வாங்கலாம்.

நான் பொட்டி தட்டுறவன். படிச்சது மெக்கானிக்கல், சோறு போடுறது ஜாவா. அதனால இதை மருத்துவரா சொல்லலை. ஸ்பிரிங்கும் சென்சாரும் என்னன்னு தெரிஞ்சவனா, வாரத்துல நாலு நாள் ஓடுறவனா, மூணு நாள் ஜிம்முல இரும்பு தூக்குறவனா சொல்றேன்.

முதல்ல கடைக் கதை. போன வருஷம் ஒரு ஷூ கடைக்குப் போனேன். (பேரு வேணாம், எல்லா ஊர்லயும் இருக்கிற கடைதான்.) ட்ரெட்மில்லுல ஒரு நிமிஷம் ஓட விட்டாங்க. கம்ப்யூட்டர்ல என் காலை ஏதோ எக்ஸ்ரே மாதிரி காட்டினாங்க. அந்தத் தம்பி சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டு, "சார், உங்களுக்கு ஃப்ளாட் ஃபுட்"ன்னார். "அதுக்கு?" "இந்த ஆர்ச் சப்போர்ட் மாடல் போடலைன்னா பின்னாடி முட்டி போயிடும் சார்." விலை 14,000 சொச்சம். எந்த வலியும் இல்லாம ரெண்டு காலும் தூக்கி நடந்து உள்ளே போனவனை, பத்தே நிமிஷத்துல நோயாளியாக்கிட்டாங்க. ஆஸ்பத்திரியிலகூட டோக்கன் போட்டு ஒரு மணி நேரம் உட்கார வெச்சிட்டுத்தான் பயமுறுத்துவாங்க. :-)

தட்டைப் பாதம்னு பயமுறுத்துறவங்களுக்கு ஒரு இந்திய ஆராய்ச்சியை ஞாபகப்படுத்தணும். 1992ல ராவ், பெஞ்சமின் ஜோசப்னு ரெண்டு மருத்துவர்கள் நம்ம நாட்டுக் குழந்தைங்க 2,300 பேரோட கால் தடத்தை எடுத்துப் பார்த்தாங்க. 4 வயசுலேர்ந்து 13 வயசு வரைக்கும். காலணி போடுற குழந்தைங்கள்ல 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். காலணி போடாத குழந்தைங்கள்ல 2.8 சதவீதம். அதுலயும் முன்பக்கம் மூடின ஷூ போட்டவங்களுக்குத்தான் அதிகம், செருப்பு போட்டவங்களுக்குக் கொஞ்சம் கம்மி. அடுத்து 1995ல பெரியவங்க 1,846 பேரை வெச்சு இன்னொரு ஆய்வு. சின்ன வயசுலேயே ஷூவுக்குள்ள காலை விட்டவங்களைவிட, பதினாறு வயசுக்கு மேல போட ஆரம்பிச்சவங்களுக்குத் தட்டைப் பாதம் கம்மியா இருந்துச்சு.

இதுக்கு என்ன அர்த்தம்? உள்ளங்காலோட வளைவு தானா வளரணும். அதுக்கு அங்க இருக்கிற குட்டிக் குட்டித் தசைங்க வேலை செய்யணும். வேலையை ஷூ செஞ்சா தசை எதுக்கு செய்யும்? கையில கட்டு போட்டு ஆறு வாரம் கழிச்சுப் பிரிச்சா கை எப்படி இளைச்சுக் கிடக்கும்னு பார்த்திருப்பீங்க. அதே கதைதான். கட்சிக்காரருக்கு எதிரான சாட்சியையும் சொல்லிடறேன். பி.டி. ஷூவும் மூடின ஷூதான், முன்பக்கம் கொஞ்சம் குறுகலும்கூட. அதனாலதான் ஒரு சைஸ் பெருசா வாங்குங்கன்னு சொல்றேன். விரல் உள்ளே விரியணும். சின்னப் பிள்ளைங்களை வீட்டுல, சுத்தமான மண்ணுல வெறுங்காலோட விளையாட விடுங்க.

அடுத்து ஸ்பிரிங் கணக்கு. "மெத்தை இருந்தா அதிர்ச்சி குறையும்"ங்கறது கேக்குறதுக்கு சரியாத்தான் இருக்கு. கீழே போட்ட முட்டை மெத்தையில உடையாது, தரையில உடையும். ஆனா கால் முட்டை இல்லீங்களே! கால் உயிருள்ள ஸ்பிரிங். தரை கெட்டியா இருந்தா தானா தளர்ந்துக்கும், தரை மெத்துனு இருந்தா தானா விறைச்சுக்கும். 2018ல பின்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 12 பேரை சாதா ஷூவுலயும் மொத்த நுரை ஷூவுலயும் ஓட விட்டு அளந்தாங்க. மொத்த நுரை ஷூவுல கால் இன்னும் விறைப்பா இறங்குது, தரையில மோதுற விசை குறையுறதுக்குப் பதிலா கூடுது. வேகம் கூடினப்போ வித்தியாசம் இன்னும் தெளிவாத் தெரிஞ்சுது.

அதுக்கு முன்னாடியே 2010ல ஹார்வர்டு பல்கலைக்கழகத்தோட டேனியல் லீபர்மேன் குழு 'நேச்சர்' இதழ்ல ஒரு கட்டுரை போட்டாங்க. வெறுங்காலோட ஓடிப் பழகினவங்க பெரும்பாலும் பாதத்தோட முன்பகுதியையோ நடுப்பகுதியையோதான் முதல்ல ஊன்றாங்க. மெத்தை ஷூ போட்டுப் பழகினவங்க பெரும்பாலும் குதிகாலை நங்குனு அடிக்கிறாங்க. வெறுங்காலோட சிமெண்ட் தரையில குதிகாலால அடிச்சு ஓடிப் பாருங்க, நாலாவது அடியிலேயே உடம்பு "டேய், வேணாம்"னு சொல்லிடும். மெத்தை ஷூவுல அந்தக் குரல் கேக்காது. அடி அடிதான், அலாரம் மட்டும் ஆஃப். சென்சார் மேல துணியைச் சுத்திட்டு "சிஸ்டம்ல எர்ரரே வரலை"ன்னு மேனேஜருக்கு மெயில் போடுற மாதிரி இது.

சரி, ஓட்டத்தை விடுங்க. ஜிம்முக்கு வாங்க. அங்க இந்தக் கூத்து இன்னும் மோசம். ஸ்குவாட் பண்ணும்போது முதுகுல 80 கிலோ, காலுக்கடியில ஜெல்லி. கட்டில் மெத்தை மேல நின்னு அரிசி மூட்டை தூக்குவீங்களா? தரையை அழுத்துற விசையில ஒரு பங்கு நுரையை நசுக்குறதுக்குப் போயிடுது, கணுக்கால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுது. டெட்லிஃப்ட்ல கணக்கு இன்னும் சுலபம். ஷூ அடி மூணு சென்டிமீட்டர் உசரம்னா, நீங்க அதே மூணு சென்டிமீட்டர் உசரத்துல நின்னுகிட்டு கம்பியைத் தூக்குறீங்க. ஒவ்வொரு தடவையும் கூடுதல் தூரம், கூடுதல் வேலை. அதனாலதான் பவர்லிஃப்டிங் ஆளுங்க பலர் பழைய கான்வர்ஸ் கேன்வாஸ் ஷூவையோ, ஒரு மெல்லிசு செருப்பு மாதிரி ஒண்ணையோ போட்டுக்கிட்டு நிப்பாங்க.

"ஒலிம்பிக் வெயிட்லிஃப்டிங்ல குதிகால் உசரமான ஷூதானே போடுறாங்க"ன்னு ஒருத்தர் கையைத் தூக்குவார், தெரியும். 2014லயும் 2018லயும் காமன்வெல்த் தங்கம் வாங்கின நம்ம வேலூர் சதீஷ் சிவலிங்கம் மாதிரி ஆளுங்க தூக்குற விளையாட்டுல அந்த ஷூதான் போடுவாங்க. ஆனா அந்தக் குதிகால் நுரை இல்லை. மரம் மாதிரி கெட்டியான பொருள். ஆழமா உட்கார்றப்போ கணுக்கால் மடங்குறதுக்கு வசதியா உசரம், ஆனா துளிகூட அமுங்காது. ஆக எந்தப் பக்கம் போனாலும் ஒரே விதி: பாரம் தூக்குறவன் காலுக்கடியில மெத்தை கூடாது.

நம்ம புதுச்சேரிக்காரங்களுக்கு இதைச் சொல்லியே கொடுக்க வேண்டாம். இரும்பு உருண்டையை எறிஞ்சு சாயங்காலம் பெத்தாங்க் ஆடுறாங்களே பெரியவங்க, பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போனதுல பாகெத் ரொட்டிக்கு அடுத்த நல்ல விஷயம் அது. அந்த விளையாட்டோட பேருக்கே தென் பிரான்ஸ் மொழியில 'ஊன்றிய கால்'னுதான் அர்த்தம். ஓடி வந்து எறியக் கூடாது, ரெண்டு காலும் தரையில பதிஞ்சு நிக்கணும். ஜிம் மாஸ்டர் ஆறு மாசம் கத்துக்கொடுக்கறது அந்த ஒரு பேருக்குள்ள இருக்கு.

நிற்க. இப்ப எதிர்க்கட்சி வாதத்துக்கு வர்றேன். அதைக் கேக்காம ஓடிப்போற வக்கீல் நான் இல்லை.

வாதம் ஒண்ணு: "உலக சாதனை பண்றவங்க எல்லாம் மொத்த அடி ஷூதானே போடுறாங்க?" உண்மை. 2017க்கு அப்புறம் நுரையும் கார்பன் தகடும் வெச்ச ஷூக்கள் மாரத்தானையே மாத்திடுச்சு. 2019ல எலியுட் கிப்சோகே வியன்னாவுல 1 மணி 59 நிமிஷம் 40 விநாடியில ஓடினது அப்படி ஒரு ஷூவுலதான். அது எவ்வளவு வேலை செய்யுதுன்னா, 2020ல உலக தடகள அமைப்பே தலையிட்டு, சாலை ஓட்ட ஷூ அடி 40 மில்லிமீட்டருக்கு மேல இருக்கக் கூடாது, ஒரு தகடுக்கு மேல கூடாதுன்னு சட்டம் போட வேண்டியதாப் போச்சு. ஆனா அது வேகத்துக்கான கருவி, ஆரோக்கியத்துக்கான மருந்து இல்லை. ரேஸ் கார் டயர் சூப்பர்தான், அதை வில்லியனூர் போற ஷேர் ஆட்டோவுக்கு மாட்டுவீங்களா?

வாதம் ரெண்டு: "மெத்தைக்கு ஆதரவாவும் ஆராய்ச்சி இருக்கே?" இருக்கு. 2020ல லக்சம்பர்க் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 848 பேரை ரெண்டு குழுவாப் பிரிச்சு, ஒரு குழுவுக்கு மெத்துனு, இன்னொரு குழுவுக்குக் கொஞ்சம் கெட்டியா ஷூ கொடுத்து ஆறு மாசம் கவனிச்சாங்க. கெட்டி ஷூ குழுவுலதான் காயம் அதிகம். இதை நான் மறைக்கலை. ஆனா கவனிங்க, ரெண்டுமே வழக்கமான, குதிகால் உசந்த ஓட்ட ஷூதான். மெத்தை ஷூ பழக்கத்தோடயே, குதிகால் அடியோடயே ஓடுறவங்களுக்கு மெத்தையைக் கொஞ்சம் உருவினா அடிபடும்னுதான் அது சொல்லுது. தட்டை அடிக்கு மெதுவாப் பழகின காலைப் பத்தி அந்த ஆய்வு எதுவும் சொல்லலை.

வாதம் மூணுதான் கனமானது. "தட்டை ஷூ போட்டவனுக்கு எலும்பு உடைஞ்சுதே?" ஆமா, இந்தப் பக்கமும் ஒரு வியாபாரம் நடந்துச்சு. 2009ல கிறிஸ்டோபர் மெக்டூகல் எழுதின 'பார்ன் டு ரன்' புத்தகம் வந்துச்சு. மெக்சிகோ மலைப் பள்ளத்தாக்குல டயர் ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு நாள் கணக்கா ஓடுற ரராமுரி மக்கள் பத்தினது. (டயர் செருப்பு! நம்ம தாத்தா போட்டதுதான்.) அமெரிக்காவே கிறுக்குப் பிடிச்சு அலைஞ்சுது. அஞ்சு விரலுக்கும் தனித்தனி பை வெச்ச விப்ரம் ஷூ அமோகமா வித்துச்சு. போட்டா கால் பலமாகும், காயம் குறையும்னு விளம்பரம். ஆதாரம் போதாதுன்னு 2012ல வழக்கு போட்டாங்க. தப்புன்னு ஒத்துக்காமலே 2014ல 37.5 லட்சம் டாலருக்கு அந்தக் கம்பெனி சமரசம் பண்ணிக்கிச்சு. நடுவுல 2013ல ஒரு ஆய்வு: ஓடிப் பழகின 36 பேர்ல 19 பேரை பத்து வாரத்துல அந்த ஷூவுக்கு மாத்தினாங்க. அதுல 10 பேருக்குப் பாத எலும்புக்குள்ள வீக்கம் அதிகமாச்சு. பழைய ஷூவிலேயே இருந்த 17 பேர்ல ஒருத்தருக்குத்தான்.

இது தட்டை ஷூவோட குத்தமா? முப்பது வருஷம் தூங்கின தசையைப் பத்து வாரத்துல எழுப்பி, பத்து கிலோமீட்டர் ஓடுன்னு சொன்ன அவசரத்தோட குத்தம். இருபது வருஷம் பொட்டி தட்டினவரைத் திடீர்னு நடவு நட அனுப்பினா இடுப்பு போகும். அதுக்கு வயலைத் திட்டுவீங்களா?

இதே கோவத்துல இன்னொரு கோஷ்டியையும் கேக்கணும். "செருப்பே வேணாம் பாஸ், வெறுங்கால்தான் நம் பாரம்பரியம், பூமித்தாய் ஸ்பரிசம்"னு கிளம்பியிருக்கிற புது ஞானிகள். 2008ல ஆரம்பிச்ச ஆரோவில் மாரத்தான்ல, பரிசு ஓட்டமே இல்லாத அந்தச் செம்மண் காட்டுப் பாதையில, ஆசைப்பட்டு வெறுங்காலோட ஓடினா சந்தோஷம். ஆனா பாரம்பரியம்னு மட்டும் பேசாதீங்க. இந்தத் தமிழ்நாட்டுல ஊர்த் தெரு வந்தா செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டுப் போகணும்னு தலித் மக்களை மிரட்டி வெச்சிருந்த வரலாறு இருக்கு. அவங்களுக்குச் செருப்பு போடுறதே ஒரு போராட்டம். அந்த வெறுங்காலுக்கு ஆன்மிக பெயிண்ட் அடிக்கிறது அயோக்கியத்தனம்.

மதுரை ரேவதி வீரமணியைக் கேட்டுப் பாருங்க. கல்லூரி நாட்கள்ல அவர் வெறுங்காலோட ஓடினது தத்துவத்துக்காக இல்லை, ஷூ வாங்க வழியில்லாம. அங்கேர்ந்துதான் 2021ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ் தொடர் ஓட்டம் வரைக்கும் போனார். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல நம்ம கால்பந்து அணியில பெரும்பாலானவங்க வெறுங்காலோட ஆடி, பிரான்ஸ்கிட்ட 2-1னு போராடித் தோத்தாங்க. (அப்ப புதுச்சேரியே பிரான்ஸ் கையிலதான் இருந்துச்சு!) அதே பாணியில 1952ல ஹெல்சிங்கி குளிருக்குப் போய் யூகோஸ்லாவியாகிட்ட 10-1னு வாங்கினதுக்கு அப்புறம் பூட்ஸ் கட்டாயமாச்சு. தரையைப் பொறுத்துத்தான் காலணி. அபெபெ பிகிலா 1960ல ரோம் மாரத்தானை வெறுங்காலோட ஜெயிச்சார், 1964ல டோக்கியோவுல ஷூ போட்டும் ஜெயிச்சார். ரெண்டுலயும் ஓடினது பிகிலா.

இந்த ரெண்டு கோஷ்டிக்கும் சேர்த்து பதில் நம்ம வேலூர்ல ரொம்ப காலம் முன்னாடியே கிடைச்சிடுச்சு. 1946ல சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளோட கால் ஏன் புண்ணாகுதுன்னு தேடினார். நோய் சதையைத் தானா அழுக வைக்கலை, வலி தெரியாம போறதாலதான் கால் சிதையுதுன்னு காட்டினார். கல்லு குத்தினாலும் தெரியாது, கொப்புளம் வந்தாலும் தெரியாது, மேலேயே நடப்பாங்க. உணர்வு போன அந்தக் கால்களுக்காகத்தான் வேலூர்லயும் கரிகிரியிலயும் மெத்துனு இருக்கிற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பை உருவாக்கினாங்க. இன்னிக்கு சர்க்கரை நோயாளிகள் போடுற எம்.சி.ஆர். செருப்பு அந்த வழி வந்ததுதான்.

இதுதான் என் மொத்த வாதமும். உணர்வு இல்லாத காலுக்கு மெத்தை மருந்து. உணர்வு உள்ள காலுக்கு மெத்தை காதடைப்பு. நல்லாப் பேசிக்கிட்டிருக்கிற காலோட வாயைப் பொத்துறதுக்கு எதுக்கு 15,000 ரூபாய்? அதே சமயம், சர்க்கரை வந்து பாதம் மரத்துப்போனவர் என் பேச்சைக் கேட்டு பி.டி. ஷூ மாட்டக் கூடாது, வெறுங்காலோட கடற்கரையில நடக்கவே கூடாது. நைலான் இழையால பாதத்தைத் தொட்டு உணர்வு இருக்கான்னு பார்க்கிற சோதனை அஞ்சு நிமிஷ வேலை. முதல்ல அதைப் பண்ணுங்க, மருத்துவர் சொல்றதைப் போடுங்க.

மத்தவங்களுக்கு வழி சுலபம். முதல் ரெண்டு மாசம் ஓடாதீங்க, நடங்க. 2019ல வந்த ஓர் ஆய்வுல, எட்டு வாரம் மெல்லிசு அடி ஷூவோட நடந்தவங்களுக்கு, தனியாப் பாதப் பயிற்சி செஞ்சவங்க அளவுக்கே பாதத் தசை பலமாச்சு. அப்புறம் வாரத்துக்கு ரெண்டு நாள், அஞ்சே நிமிஷம் ஓட்டம். மிச்ச நாள் பழைய ஷூவையே போடுங்க, குப்பையில எறிய வேணாம். கெண்டைக்கால் லேசா வலிக்கும், அது பழகுறது. பாத எலும்புல ஒரே இடத்துல விரல் வெச்சா சுருக்குனு குத்தினா உடனே நிறுத்துங்க, அது எச்சரிக்கை. ஜிம்முல மட்டும் நாளைக்கே மாத்தலாம்.

எதுக்கு இவ்வளவு சூடாப் பேசறேன்னா, இது ஷூ பிரச்சினை மட்டும் இல்லை. எங்க தெருவுல இஸ்திரி போடுற அண்ணனுக்கு பி.பி. இருக்கு. "காலையில வேகமா நடங்க"ன்னு டாக்டர் சொல்லி ஒண்ணரை வருஷம் ஆச்சு. கேட்டா, "நல்ல ஷூ ஒண்ணு வாங்கிட்டு ஆரம்பிக்கணும் தம்பி, சாதா ஷூவுல நடந்தா முட்டி போயிடுமாமே"ங்கறார். யார் சொன்னாங்க? பீச் ரோட்டுல ஓடுற நாமதான். நம்ம காலைப் பார்த்து அவர் கத்துக்கிட்டது. நடக்கிறதுக்கு நுழைவுச்சீட்டு 15,000 ரூபாய்னு ஒரு மனுஷனை நம்ப வெச்சிருக்கோம். நைக்கிக்கு ஷூ செஞ்சு கொடுக்கிற ஆலை நம்ம செய்யாறு சிப்காட்டுல ஓடுது. தயாராகுறது பக்கத்து ஊர்ல, விலை மட்டும் பாரீஸ் விலை.

கம்பெனிக்காரன் விக்கத்தான் செய்வான், அது அவன் தொழில். அந்த விளம்பரத்தைச் சம்பளமே வாங்காம தெருத்தெருவா தூக்கிட்டு ஓடுறது நாம. அடுத்த தடவை யாராவது "ஓட ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், என்ன ஷூ வாங்கலாம்?"னு கேட்டா, பிராண்டு பேரைச் சொல்லாதீங்க. "வீட்டுல என்ன இருக்கோ அதைப் போட்டுக்கிட்டு நாளைக்குக் காலையில வாங்க, நடக்கலாம்"னு சொல்லுங்க. அது போதும்.

கொசுறு: பி.டி. ஷூ ஈரத்துல வழுக்கும். கடலோரப் பாறை மேல ஏறி செல்ஃபி எடுத்து விழுந்துட்டு என் மேல கேஸ் போடாதீங்க, அந்த வழக்குக்கு நான் ஆஜராக மாட்டேன்.